இதயத்தைக் காட்டிய மருந்தும் சிறுநீரகம் பட்ட துன்பமும்



மனித உடலைக் கத்தியால் கீறாமல் அதன் உள்ளே இருப்பதைக் காண வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெடுநாளைய கனவு. 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில், ராண்ட்ஜன் என்ற பௌதிகப் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது அக்கனவில் பாதி நனவாயிற்று. பாதி என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. அக்கதிர்கள் எலும்பைத் தெளிவாகக் காட்டின. ஆனால் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பிரித்துக் காட்டவில்லை. இரத்தமும், அது ஓடும் குழாயும், சுற்றியுள்ள தசையும் எக்ஸ் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பவை. ஆகவே படத்தில் அவை யாவும் ஒரே மங்கலாகக் கலந்து நின்றன.

எஞ்சிய பாதிக் கனவை நனவாக்க ஒரு மருந்து தேவைப்பட்டது. இரத்தத்தோடு கலந்து ஓடி, தான் செல்லும் வழியெல்லாம் நிழல் விழச் செய்யும் மருந்து அது. மருத்துவமனைகளில் இதனை 'டை' என்றும் 'கான்ட்ராஸ்ட்' என்றும் வழங்குகிறார்கள். உண்மையில் இது சாயமன்று; தண்ணீர் போல் நிறமற்றது. எக்ஸ் கதிரின் முன்னர் மட்டுமே தன் உருவைக் காட்டும். ஆதலால் நான் இதனை 'நிழல் மருந்து' என்றே குறிப்பிடப் போகிறேன். இம்மருந்தின் வரலாற்றையும், இதனால் சிறுநீரகத்துக்கு நேரக்கூடிய தீங்கின் வரலாற்றையும், அத்தீங்கின் உண்மையான அளவை அறிய அறிஞர்கள் பட்ட பாட்டையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட சில வாரங்களுக்குள்ளேயே, 1896 ஜனவரியில், வியன்னா நகரத்தில் ஹாஷெக், லிண்டென்தால் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். இறந்துபோன ஒருவரின் கையிலிருந்த இரத்தக் குழாய்களில், சுண்ணாம்பும் பாதரசக் கூட்டுப்பொருளும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். மரக்கிளைபோல் பிரிந்து செல்லும் குழாய்கள் அனைத்தும் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. இறந்தவரின் கைக்கு எதைச் செலுத்தினாலும் கேடில்லை. உயிருள்ளவருக்கு அதைச் செய்ய முடியுமா? அவருக்குச் செலுத்தும் பொருள் கதிரைத் தடுக்கும் அளவுக்குக் கனமான அணுக்களைக் கொண்டிருக்க வேண்டும். நீரில் கரைய வேண்டும். உடலுக்கு நஞ்சாகாதிருக்க வேண்டும். தன் வேலை முடிந்ததும் உடலைவிட்டு வெளியேறவும் வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளும் ஒருங்கே அமைந்த பொருளைத் தேடுவதில் கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

விடை கிடைத்ததும் ஒரு தற்செயலான நிகழ்ச்சியால்தான். அக்காலத்தில் மேகப்புண் என்னும் கொடிய நோய்க்கு அயோடின் உப்பை மருந்தாகக் கொடுத்து வந்தனர். அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், அம்மருந்தைப் பெற்ற நோயாளிகளின் எக்ஸ் கதிர்ப் படங்களில் சிறுநீர்ப் பை நிழலாகத் தெரிவதைக் கவனித்து, 1923-ஆம் ஆண்டில் அச்செய்தியை வெளியிட்டனர். அயோடினின் அணு எண் 53. அது கதிரைத் தடுக்க வல்லது. சிறுநீரகம் அதனை இரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது.

இதன்பின் ஜெர்மனியில் பின்ஸ், ரேத் என்னும் இரசாயன அறிஞர்கள் அயோடினை உள்ளடக்கிய கூட்டுப்பொருள்கள் பலவற்றை உருவாக்கினர். அமெரிக்காவிலிருந்து அங்கே பயிற்சிக்குச் சென்ற மோசஸ் ஸ்விக் என்ற இளம் மருத்துவர் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். 1929-இல் 'யூரோசெலெக்டான்' என்ற மருந்து வெளிவந்தது. அது சிறுநீரகங்களைப் படம் பிடிப்பதற்கென்றே அமைந்த மருந்து. நேயர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். எந்த உறுப்புக்கு இம்மருந்தால் தீங்கு என்று பிற்காலத்தில் உலகம் அஞ்சியதோ, அந்த உறுப்பைப் பார்ப்பதற்காகவே இது முதன்முதலில் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. சிறுநீரகம் தானே முன்வந்து வெளியேற்றும் பொருள் என்பதே அதன் பெருமையாக இருந்தது.

வெளியேறாத மருந்து என்ன செய்யும் என்பதற்கும் அக்காலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1930-களில் 'தோரோட்ராஸ்ட்' என்ற நிழல் மருந்து பெருவழக்கில் இருந்தது. அது தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. செலுத்தும்போது வலி இல்லை. உடனடியான உபத்திரவமும் இல்லை. படமோ மிகத் தெளிவு. மருத்துவர்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் தோரியம் உடலைவிட்டு வெளியேறுவதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வாழ்நாள் முழுவதும் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டே இருந்தது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்நோயாளிகளில் பலர் ஈரல் புற்றுநோய்க்கு இரையாயினர். உடனே துன்பம் தராத மருந்து தீங்கற்ற மருந்து ஆகிவிடாது என்ற பாடத்தை மருத்துவ உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

இனி இதயத்துக்கு வருவோம். 1929-ஆம் ஆண்டில் எபெர்ஸ்வால்டே என்ற ஜெர்மானியச் சிற்றூரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம்முடைய கை நரம்பின் வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அதன் நுனியை இதயம் வரை கொண்டுசென்றார். அந்த நிலையிலேயே எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். பின்னர் அத்தகைய குழாய் வழியே தம் இதயத்துள் நிழல் மருந்தையும் செலுத்திப் பார்த்தார். அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, கண்டனமே. 1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆயினும் இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் கொரோனரித் தமனிகளில் மருந்தை நேரடியாகச் செலுத்த எவரும் துணியவில்லை. செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது அனைவரின் நம்பிக்கை. 1958 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர், ஓர் இளைஞருக்குப் பெருந்தமனியில் மருந்தைச் செலுத்தும் சோதனையில் ஈடுபட்டிருந்தார். எதிர்பாராத வகையில் குழாயின் நுனி வலது கொரோனரித் தமனிக்குள் நழுவியது. மருந்து முழுவதும் அதற்குள் பாய்ந்தது. இதயம் சில விநாடிகள் நின்றது. "இருமுங்கள்" என்று சோன்ஸ் கூவினார். இளைஞர் இருமினார், இதயம் மீண்டும் துடித்தது. இத்தனை மருந்தைத் தாங்கிய இதயம் சிறிதளவு மருந்தை எளிதில் தாங்கும் என்று சோன்ஸ் உணர்ந்தார். இன்று எல்லோரும் 'ஆஞ்சியோ' என்று சொல்லும் சோதனை அன்று பிறந்தது. எந்தத் தமனியில் எந்த இடத்தில் அடைப்பு என்று கண்ணாரக் காண முடிந்ததால்தான், பைபாஸ் அறுவையும், பலூனால் அடைப்பை நீக்கும் முறையும், ஸ்டென்ட் வைக்கும் முறையும் பின்னாளில் ஒவ்வொன்றாகத் தோன்றின.

இதயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மருந்து போகும் வழி பழைய வழிதான். இதயத்தைக் காட்டி முடித்த மருந்து முழுவதும் சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேற வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றெல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நீர் உறிஞ்சப்பட, குழல்களில் எஞ்சிய மருந்து மேலும் மேலும் செறிவடைகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பாகவே குறைந்த பிராணவாயுவைக் கொண்டு வேலை செய்யும் இடம். மருந்து அங்குள்ள நுண்குழாய்களைச் சுருங்கச் செய்யலாம். குழல்களின் உயிரணுக்களை நேராகவும் தாக்கலாம். ஆரோக்கியமான சிறுநீரகம் இத்தாக்குதலைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாலோ முதுமையாலோ முன்பே நலிந்த சிறுநீரகத்துக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று 1954-இல் ஸ்காண்டிநேவிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. எலும்பு மச்சையைப் பற்றிய புற்றுநோய் உடைய ஒருவருக்கு நிழல் மருந்து செலுத்தப்பட்டபின் சிறுநீர் அடியோடு நின்றுபோனதை அக்கட்டுரை விவரித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் பெருகின. இத்தீங்கை அறிய மருத்துவர்கள் கையாண்ட அளவுகோல் இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் உயரும். மருந்து செலுத்திய இரண்டு மூன்று நாட்களுக்குள் அது கால் பங்கு உயர்ந்தால், மருந்தினால் சிறுநீரகம் கெட்டது என்று தீர்ப்புக் கூறினர். இந்த அளவுகோலைப் பற்றிப் பின்னர் நான் பேசுவேன். நம் கதையின் திருப்பம் அதில்தான் இருக்கிறது.

தீங்கைக் குறைக்கும் வழியை முதலில் கண்டவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் டார்ஸ்டன் அல்மேன். பழைய நிழல் மருந்துகள் உப்பு வகையைச் சேர்ந்தவை. நீரில் கரைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு துகள்களாகப் பிரியும். மூன்று அயோடின் அணுக்களைக் கொண்டுசெல்ல இரண்டு துகள்கள் வேண்டியிருந்தன. அதனால் அக்கரைசலின் செறிவு இரத்தத்தின் செறிவைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. நோயாளிகள் செலுத்தும்போதே எரிச்சல் தாளாமல் துடித்தனர். கடும் உப்புள்ள கடல்நீரில் கண்ணைத் திறந்தால் எரிகிறது. உப்புக் குறைந்த நீரில் எரிவதில்லை. நீந்தும்போது கண்ட இந்த எளிய அனுபவமே தம்மைச் சிந்திக்க வைத்தது என்று அல்மேன் பின்னாளில் கூறியிருக்கிறார். பிரியாத மூலக்கூறு ஒன்றைச் செய்தால் துகள்களின் எண்ணிக்கை பாதியாகும் அல்லவா? இக்கருத்தை அவர் 1969-இல் எழுதினார். அது வெளியானது மருத்துவ இதழில் அன்று; கோட்பாட்டு உயிரியல் இதழில். நார்வே நாட்டு நையகார்ட் நிறுவனம் அவர் கருத்தை ஏற்று ஆராய்ச்சியில் இறங்கியது. அதன் பயனாக 1980-களில் 'அயோஹெக்ஸால்' முதலிய புதிய மருந்துகள் பரவின.

புதிய மருந்து சிறுநீரகத்துக்கும் நல்லதா? 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 1,196 இதயச் சோதனை நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. சிறுநீரகம் முன்பே பழுதுற்றவர்களிடையே, பழைய மருந்து பெற்றவர்களுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. சிறுநீரகம் நலமாக இருந்தவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, அபாயம் எல்லோர்க்கும் சமமன்று என்பது தெளிவாயிற்று.

காக்கும் முறைகளைத் தேடிய வரலாறு இன்னும் சுவையானது. சிறுநீரை மிகுதியாகப் பெருக்கினால் மருந்து விரைவில் அடித்துச் செல்லப்படும் என்று பலர் எண்ணினர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. 1994-இல் சாலமன் என்பவரும் அவர் குழுவினரும் 78 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். உப்பு நீர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் கிரியேட்டினின் உயர்ந்தது. அதனோடு சிறுநீர் பெருக்கும் ஃபுரோசமைடு மருந்தையும் பெற்றவர்களிலோ நூற்றுக்கு 40 பேருக்கு உயர்ந்தது! எளிய உப்பு நீரே மேலானதாய் நின்றது. பின்னர் 2000-இல் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து அற்புதமாகக் காக்கிறது என்று 83 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு கூறியது. உலகமெங்கும் அதனை வாரி வழங்கினர். பிரேசில் நாட்டில் 2,308 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: மருந்து பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் பாதிப்பு நூற்றுக்கு 12.7 என்று அச்சாக ஒன்றாகவே இருந்தது. 2018-இல் ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வும் அதனையே உறுதி செய்தது. சிறிய ஆய்வு தரும் பெரிய நம்பிக்கையை ஐயத்தோடு வரவேற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் முன்னர் சொன்ன அளவுகோலுக்கு வருகிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முன்னோர் மொழி. காக்கை உட்கார்ந்ததால் பழம் விழுந்ததா, பழுத்ததால் விழுந்ததா? இதனை அறிய ஒரே வழிதான் உண்டு. காக்கை உட்காராத மரங்களையும் போய்ப் பார்க்க வேண்டும். நிழல் மருந்தைப் பொறுத்தவரை அப்படிப் போய்ப் பார்த்தவர் நெடுங்காலம் மிகச் சிலரே. 2008-இல் நியூஹவுஸ் என்பவரும் அவர் குழுவினரும், நிழல் மருந்தே பெறாத 32,161 மருத்துவமனை நோயாளிகளின் கிரியேட்டினின் கணக்குகளைப் புரட்டினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு கால் பங்கோ அதற்கு மேலோ மாறியிருந்தது. மருந்தே செலுத்தாத இடத்தில் மருந்தைக் குற்றம் சொல்வது எங்ஙனம்? காய்ச்சல், நீரிழப்பு, இரத்த அழுத்தக் குறைவு, மற்ற மருந்துகள் என்று பழம் விழுவதற்குக் காரணங்கள் பல இருந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில், சிடி ஸ்கேனுக்காக மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தக்கவாறு இணை சேர்த்து ஒப்பிட்ட பல ஆய்வுகளில், பெரும்பாலோரிடம் வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் இதிலிருந்து மருந்து முற்றிலும் குற்றமற்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. இதயச் சோதனை சிடி ஸ்கேனைப் போன்றதன்று. இங்கே மருந்து தமனியின் வழியே செல்வதால், இதயத்திலிருந்து அதிகம் நீர்த்துப்போகாமலே சிறுநீரகத்தை அடையக்கூடும். பெருந்தமனியில் குழாய் செல்லும்போது அதன் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் உதிர்ந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். மாரடைப்பால் இதயமே தளர்ந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமும் குறையும். ஆகவே ஆஞ்சியோவுக்குப் பின் சிறுநீரகம் தளர்ந்தால் குற்றவாளி ஒருவரல்லர், பலர்; நிழல் மருந்து அவர்களுள் ஒருவர்.

இதெல்லாம் அறிஞர்களின் வாதம், நமக்கு என்ன என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். இதில் உயிர்களே பணயமாக இருந்தன என்பதுதான் என் விடை. 2004-இல் செர்ட்டோவும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் மாரடைப்புற்ற 57,000-க்கு மேற்பட்ட முதியோரின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆஞ்சியோ செய்யத் தக்கவர் என்று கருதத்தக்க நோயாளிகளுள், சிறுநீரகம் நலமாக இருந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அச்சோதனை செய்யப்பட்டிருந்தது. சிறுநீரகம் பழுதுற்றோரில் நால்வரில் ஒருவருக்கே செய்யப்பட்டிருந்தது. அச்சோதனை செய்யப்பட்டோரிடையே இறப்புக் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். சிறுநீரகத்தைக் காப்பதாக எண்ணி இதயத்தைக் கைவிட்டதாக அல்லவோ ஆகிறது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய்க்கு அஞ்சியவன் கிணற்றில் விழுவதும் உண்டு.

2020-இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசியச் சிறுநீரக நிறுவனமும் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. சிரை வழியே செலுத்தும் நிழல் மருந்தின் தீங்கு முன்பு மிகைப்படுத்தப்பட்டது என்றும், வடிகட்டும் ஆற்றல் 30-க்கும் கீழே தாழ்ந்தவர்களிடமும் திடீர்ச் சிறுநீரகக் கேடு உற்றவர்களிடமுமே சிறப்பான எச்சரிக்கை வேண்டும் என்றும் அது கூறியது. இதயச் சோதனையிலோ கவனம் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். முன்கூட்டியே கிரியேட்டினினைப் பார்ப்பது, இயன்ற மட்டும் குறைந்த மருந்தைக் கையாள்வது, உடலில் நீர் வற்றாமல் காப்பது, சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது ஆகியவையே இன்றும் நிலைத்து நிற்கும் முறைகள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயத்தின் உள்ளழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப உப்பு நீர் ஏற்றியபோது பாதிப்பு நூற்றுக்கு 16.3-லிருந்து 6.7-ஆகக் குறைந்தது. ஆடம்பரமான மருந்துகள் தோற்ற இடத்தில், அளந்து கொடுத்த உப்பு நீர் வென்றது.

இவ்வரலாறு நமக்குக் காட்டுவது யாது? தோரோட்ராஸ்ட் காலத்தில் அச்சம் போதாமல் மக்கள் மாண்டனர். பிற்காலத்தில் அச்சம் மிகுந்து, வேண்டிய சோதனை கிட்டாமல் பலர் நின்றனர். துணிவும் அச்சமும் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல. இரண்டையும் அளந்து பார்க்கும் பொறுமையே அறிவியல். நாளை உங்களில் சிலர் மருத்துவராகலாம். மற்றவர்கள் பெற்றோருக்கு அருகில் நின்று ஒரு மருத்துவரின் சொல்லைக் கேட்க நேரலாம். அப்போது "இதனால் தீங்கு உண்டா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "யாருக்கு, எவ்வளவு தீங்கு? இதனைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு தீங்கு?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். நூற்றாண்டு கடந்த இக்கதையில் அறிஞர்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட கேள்விகள் அவையே.